இடப்பக்கம் மட்டும் பின்தங்கிய படகு

எங்கள் பாய்ப்படகின் முன்பாய் பழசாகிவிட்டது என்று, புது முன்பாய்க்கு ஆர்டர் கொடுக்கும் மின்னஞ்சலை எழுதி முடித்து, அனுப்பாமல் வைத்திருந்தோம். விலை ஒரு நல்ல ஸ்கூட்டருக்குக் குறையாது. மும்பையில் ஐந்து பேர் பங்கு போட்டு வைத்திருக்கிற படகு, ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கும் பார்த்தாயிற்று. அந்த மின்னஞ்சல் இன்னும் வரைவுப் பெட்டியில்தான் கிடக்கிறது. கோளாறு பாயில் இல்லை. அது எங்கே இருந்தது, கண்டுபிடிக்க ஏன் இத்தனை மாதம் ஆயிற்று என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

படகும் ஆட்களும்

படகு ஜே 24 வகை. ராட் ஜான்ஸ்டோன் என்ற அமெரிக்கர் 1976-ல் தன் வீட்டு கராஜில் கட்டிய ஒரு படகிலிருந்து பிறந்த வகை இது. அடுத்த ஆண்டே தொழிற்சாலைக்குப் போய், உலகம் முழுக்க இதுவரை 5,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். நீளம் 7.32 மீட்டர், எடை 1,400 கிலோ சொச்சம், அடியில் செங்குத்தாகத் தொங்கும் கனத்த தகடான கீல், தண்ணீருக்குள் 1.22 மீட்டர் ஆழம். விதிப்படி எல்லாப் படகும் ஒரே அச்சு. ஆட்களின் மொத்த எடைகூட 400 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆகவே ஒரு ஜே 24 இன்னொன்றை விட மெதுவாக ஓடினால், படகு சரியில்லை என்று கை கழுவ முடியாது. பூட்டிய விதம் சரியில்லை, அல்லது ஓட்டுகிற விதம் சரியில்லை. எங்களுக்கு இரண்டும்.

சுக்கான் பிடிப்பவர் செம்பூர்க்காரர், சொந்த ஊர் தூத்துக்குடி. வணிகக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருடைய தாத்தா தோணியில் தண்டலாக இருந்தவர். இங்கே கோலி மீனவர்களும் படகுத் தலைவனைத் தாண்டேல் என்றுதான் சொல்கிறார்கள் என்பதில் அண்ணாச்சிக்கு ஏக சந்தோஷம், மாதம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். முன்பாய்க் கயிறு ஆண்டாப் ஹில்லிலிருந்து வரும் பெண்ணின் கையில். அணியத்தில், அதாவது படகின் மூக்கில், நிற்பது தாராவித் தம்பி. ஐந்தாமவர் நடுவில் உட்கார்ந்து ஸ்பின்னேக்கர் (காற்றோடு ஓடும்போது விரிக்கிற பலூன் பாய்) வேலைகளைப் பார்ப்பார், மீதி நேரம் எடை. நான் மாட்டுங்கா. பெரிய பாயும், பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பின்கம்பியும் என் பொறுப்பு.

மும்பையில் பாய்ப்படகுப் பருவம் அக்டோபரில் தொடங்கி மே வரை. ஜூனில் மழை இறங்குவதற்குள் படகைக் கரையேற்றி, பாய்மரத்தைக் கழற்றிப் படுக்க வைத்துவிட வேண்டும். அக்டோபரில் மறுபடி நிறுத்த வேண்டும். கதை அங்கேதான் தொடங்குகிறது, எங்களுக்கு அது பிப்ரவரியில்தான் தெரிந்தது.

அறிகுறி

காற்றுக்கு எதிரே எந்தப் படகும் நேராக ஏற முடியாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திரும்பித் திரும்பித்தான் ஏற வேண்டும். காற்று இடப்புறமாக வர ஓடினால் போர்ட் டாக், வலப்புறமாக வந்தால் ஸ்டார்போர்ட் டாக். ஸ்டார்போர்ட் டாக்கில் எங்களை யாரும் தொட முடியவில்லை. கொலாபா கரையைப் பார்த்து ஓடும்போது பக்கத்துப் படகுகளை விட ஒரு விரல் உயரமாகவே, அதாவது காற்றை இன்னும் நெருங்கி, ஏறுவோம். போர்ட் டாக்கில் திரும்பினால் யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பது போல இருக்கும்.

இப்படி ஒரு பக்கம் மட்டும் மெதுவாக ஓடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாய்மரத்தை. எந்தக் கையேட்டைத் திறந்தாலும் இருக்கிறது. நாங்கள் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் எங்களிடம் அதைவிட நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது.

மும்பைத் துறைமுகத்தின் வாய் தென்மேற்கில் இருக்கிறது. வற்றும் தண்ணீர் தெற்கு பார்த்து வெளியே ஓடும், பெருகும் தண்ணீர் வடக்கு பார்த்து உள்ளே வரும். குளிர்கால மாதங்களில் காலையில் கரைக்காற்று, பதினோரு மணி வாக்கில் கொஞ்ச நேரம் காற்றே செத்துக் கிடக்கும், மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கடல் காற்று. வடமேற்குக் காற்றில் ஸ்டார்போர்ட் டாக் என்றால் மூக்கு மேற்கே, போர்ட் டாக் என்றால் வடக்கே. அதாவது வற்று நேரத்தில் போர்ட் டாக்கில் ஓடுகிறவன் வெளியே போகிற தண்ணீரை முட்டிக்கொண்டு ஓடுகிறான்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்ற இறக்கம் 4 மீட்டரைத் தாண்டும், நீவாடும் (கடல் நீரோட்டம்) அப்போதுதான் பலமாக ஓடும். அந்த நாட்களில் உச்சப் பெருக்கு ஏறக்குறைய நண்பகலில் வந்துவிடும். பகல் பன்னிரண்டு ஒன்றுக்குப் பெருகி முடிந்தால் மாலை ஆறு வரை வற்றுதான். பந்தயம் ஓடுவதும் அதே நேரத்தில். ஆக, பலமான நீவாடு உள்ள மதியங்களிலெல்லாம் போர்ட் டாக்கில் ஜிபிஎஸ் 3 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.), மூன்றரை நாட் என்று காட்டும். ஸ்டார்போர்டில் 5-க்கு மேல்.

“நீவாடு எதிர்க்க அடிக்கி தம்பி, கருவி பொய்யா சொல்லும்?” என்பார் அண்ணாச்சி. கருவி பொய் சொல்லவில்லைதான். தரைக்கு மேலே எவ்வளவு வேகம் என்று அது சொன்னது, தண்ணீருக்கு மேலே எவ்வளவு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மற்ற படகுகளுக்கும் அதே நீவாடுதானே என்று கேட்கலாம். கேட்டோம். அதற்கும் பதில் வைத்திருந்தோம்: அவர்கள் கரையோரம் போனார்கள், அங்கே நீவாடு குறைவு. பந்தயத்தில் இரண்டு படகுகள் ஒரே டாக்கில், ஒரே தண்ணீரில், பக்கத்துப் பக்கத்தில் பத்து நிமிடம் ஓடுவது அபூர்வம். அதனால் சாக்கை யாராலும் உடைக்க முடியவில்லை.

நடுவில் இரண்டு வேலை செய்தோம். படகின் அடியைச் சுரண்டினோம். அடியில் ஒட்டி வளரும் கொட்டலசுச் சிப்பி பெரிதாக இல்லை, மெல்லிய பாசிப் படலம் மட்டும். ஈர எமரித் தாள் போட்டு வழுவழுவென்று தேய்த்தோம். படகு மொத்தத்தில் கொஞ்சம் விறுவிறுப்பானது, ஆனால் போர்ட் டாக் அப்படியே. பாசிக்கு இடம் வலம் தெரியாது என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். இரண்டாவது, பாய் பழசு என்று முடிவு கட்டினோம். பாய்க்கும் இடம் வலம் தெரியாது. ஆனாலும் பழைய பாய் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்பதைப் படகு வைத்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நவமியில் ஒரு சோதனை

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, வளர்பிறை நவமி. அஷ்டமி, நவமியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று என் அம்மா சொல்வாள். படகைச் சோதிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது: அந்த நாட்களில் ஏற்ற இறக்கம் சுருங்கி, நீவாடு இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும். மதியத்தில் வருவதும் மெல்லிய பெருக்கு. போர்ட் டாக்கை முட்டுவதற்கு எதுவுமில்லை.

நீல நிறத்தில் இன்னொரு ஜே 24 உண்டு. பந்தயத்தில் பாதி நாள் அவர்கள்தான் முதல். அதன் சுக்கான்காரரிடம் போய் இரண்டு மணி நேரம் எங்களோடு ஓட முடியுமா என்று கேட்டோம். “பந்தயம்னா எதிரி, பிராக்டிஸ்னா பங்காளி, வாங்க” என்றார். அவருக்குப் பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம்.

முறை எளிது. இரண்டு படகும் மூன்று படகு நீள இடைவெளியில், ஒன்றின் பாய்க்காற்று மற்றதைக் கெடுக்காதபடி இணையாக ஓட வேண்டும். ஆறு நிமிடம். பிறகு இடம் மாற்றி மறுபடி ஆறு நிமிடம். பாதியில் யாரும் எதையும் மாற்றக் கூடாது. இரண்டும் ஒரே தண்ணீரில் மிதப்பதால் நீவாடு கணக்கிலேயே வராது. கருவி எதுவும் தேவையில்லை, கண் போதும்.

ஸ்டார்போர்ட் டாக்: எங்கள் படகு ஒரு இம்மி உயரம். வேகம் சமம்.

போர்ட் டாக்: ஆறு நிமிடத்தில் மூன்று படகு நீளம் பின்னால், போதாததற்கு ஒரு நீளம் காற்று தள்ளும் பக்கம் கீழே சரிவு. இடம் மாற்றி ஓடினோம், அதே கதி.

இதை ஒரு பந்தயக் கணக்காகப் பார்த்தால்: 0.1 நாட் வேகக் குறைவு என்பது மணிக்கு 185 மீட்டர். இருபது நிமிடம் ஒரே டாக்கில் ஓடினால் 60 மீட்டர் போயிற்று, எட்டுப் படகு நீளம். ஏறும் கோணத்தில் 2 டிகிரி குறைந்தால் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் இன்னொரு 35 மீட்டர். எங்களுக்கு இரண்டு நஷ்டமும் சேர்ந்தே நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் முன்பாய்களை மாற்றிக்கொண்டோம். அவர்களுடைய ஒரு வருடப் பாய் எங்களிடம், எங்கள் கிழட்டுப் பாய் அவர்களிடம். போர்ட் டாக்கில் மறுபடியும் நாங்கள் பின்னால். எங்கள் பாயைக் கட்டிய நீலப் படகு முன்னால் போய்க்கொண்டிருந்தது. படகில் யாரும் பேசவில்லை. ஸ்கூட்டர் விலை மிச்சம் என்ற சந்தோஷம்கூட உடனே வரவில்லை.

ஏன் என்று முதலில் பார்த்தவன் தாராவித் தம்பி. பாய்மரத்தின் அடியில் மல்லாந்து, பெரிய பாய் ஏறும் காடி வழியாக ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தான். “அண்ணே, இது நேரா இல்ல. மேல பாதி வலப்பக்கம் தொங்குது.” ஸ்டார்போர்டுக்குத் திரும்பினோம், மறுபடி பார்த்தான். குச்சி மாதிரி நேர்.

பாய்மரத்தின் மேல்பாதி காற்று தள்ளுகிற பக்கம் சாய்ந்தால், முன்பாயைத் தாங்கும் முன்கம்பி தளர்கிறது. முன்கம்பி தளர்ந்தால் முன்பாயின் முன் விளிம்பு வில்லாக வளைந்து, பாய் தொப்பை போடுகிறது. தொப்பை போட்ட பாயோடு காற்றை நெருங்கி ஏற முடியாது. சுக்கான்காரர் வீம்புக்கு நெருக்குவார், அண்ணாச்சி நெருக்கினார். வேகம் விழும். கீலும் தண்ணீருக்குள் நிற்கிற ஒரு இறக்கைதான், அதன் மேல் தண்ணீர் வேகமாக ஓடினால்தான் பக்கச் சரிவைத் தடுக்கும். வேகம் விழுந்ததும் அதன் பிடி விட்டுப் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவும். நீலப் படகுக்காரர்கள் எங்களைப் பார்த்தது அந்த நிலையில்தான்.

அளவுநாடாவும் ஆப்பும்

சாயங்காலம் படகு நங்கூரத்தில். பெரிய பாயை ஏற்றும் கயிற்றின் முனையில் எஃகு அளவுநாடாவைக் கட்டி உச்சிக்கு ஏற்றினோம். அணியத்திலிருந்து ஒரே தூரத்தில் இரு பக்க விளிம்பிலும் பென்சில் கோடு. இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு. கேட்வேக்கும் எலிபெண்டாவுக்கும் போய்வரும் லாஞ்சுகளின் அலையில் படகு ஆடிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை அளந்தோம், மூன்று தடவையும் இடப்பக்கம் 12 மில்லிமீட்டர் நீளம்.

பன்னிரண்டு மில்லிமீட்டர்தானே என்றார் ஐந்தாமவர். நாடா ஏறுவது கிட்டத்தட்ட 9 மீட்டர், படகின் பாதி அகலம் 1.3 மீட்டர். முக்கோணக் கணக்குப் போட்டால் உச்சி நடுவிலிருந்து நான்கு சென்டிமீட்டர் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதுவும் படகு சும்மா நிற்கும்போது.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைச் சமமாகத்தானே முறுக்கினோம்? ஆமாம், கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளில் வெளியே தெரியும் மரைகளை எண்ணி, இரு பக்கமும் ஒன்றே என்று பெருமையாக நோட்டில் எழுதியிருந்தேன். இடப்பக்க மேல்கம்பி மட்டும் போன வருடம் மாற்றியது. பழையதை விட ஒரு நூல் நீளமாக வந்திருக்கிறது. மரை எண்ணிக்கை சமமாக இருந்தால் கம்பி நீளமும் சமம் என்று நினைத்தது என் கைங்கரியம்.

இன்னொன்று பாக்கி இருந்தது. ஜே 24-ன் பாய்மரம் மேல்தளத்தில் நிற்பதில்லை, தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே அடிப்பகுதியில் ஊன்றுகிறது. தளத்தின் ஓட்டையில் மரம் ஆடாமல் இருக்கச் சுற்றிலும் ஆப்பு அடிப்போம். மூடியிருந்த ரப்பர் உறையை உருவினேன். இடப்பக்கம் தடி ஆப்பு, வலப்பக்கம் மெல்லிய ஆப்பு. மரத்தை அது வலப்பக்கமாக நெம்பிக்கொண்டு நின்றது. கம்பியும் ஆப்பும் பேசி வைத்தது போல ஒரே திசையில்.

யார் அடித்தது என்று பேச்சு எழுந்தது. ஆண்டாப் ஹில் பெண் போனை எடுத்து அக்டோபரில் எடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு படத்தில் நிறுத்தி என் பக்கம் நீட்டினாள். பாய்மரத்தின் அடியில் முட்டி போட்டு, கையில் மரச்சுத்தியலோடு, கேமராவைப் பார்த்து இளித்துக்கொண்டு இருப்பது நான். “சார், நமக்கு நாமே ஆப்பு” என்றாள். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நிமிர்த்தியது

கம்பிகள் எல்லாவற்றையும் தளர்த்தி, ஆப்புகளைப் பிடுங்கினோம். ஊன்று அடி நடுக்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தோம், இருந்தது. இரண்டு பக்கமும் சம தடிமனில் ஆப்பைச் சீவி வைத்தோம். மேல்கம்பிகளைக் கையால் மட்டும் முறுக்கி, நாடாவை ஏற்றி, இரு பக்க அளவும் ஒன்றாகும்வரை இடப்பக்கத்தை இறுக்கினோம். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்றே முறுக்கினோம், நான்கு சுற்றுக்கு ஒரு முறை நாடாவைப் பார்த்தோம். கேஜ் வைத்து இழுவிசை பார்த்தது கடைசியில். கீழ்க்கம்பிகள் அதற்கும் கடைசி, அவை மரத்தின் இடுப்பைப் பிடிப்பதற்கு. கரையில் உட்கார்ந்து அவற்றை முழுதாகத் தீர்மானிக்க முடியாது. ஓடிப் பார்த்து, காடி வழியாகக் கண் விட்டு, இடுப்பு காற்றுப் பக்கம் வெளியே தள்ளினால் தளர்த்த வேண்டும், எதிர்ப்பக்கம் குழிந்தால் இறுக்க வேண்டும். மூன்று நாள் ஓட்டத்தில் அது அடங்கியது. 12 நாட் காற்றில், காற்று படாத பக்கத்து மேல்கம்பி தளர ஆரம்பிக்கிற புள்ளியை எங்கள் அடிப்படையாக வைத்தோம். காற்று கூடினால் 4, 5 நாட்டுக்கு ஒரு சுற்று கூட்டல், குறைந்தால் கழித்தல்.

மறுவாரம் பௌர்ணமியை ஒட்டி வந்ததால் நீலப் படகோடு ஓட முடியவில்லை, நீவாடு தொல்லை. ஏற்ற இறக்கம் அடுத்து சுருங்கிய நாளில் ஓடினோம். போர்ட் டாக்கில் சமம். ஸ்டார்போர்டிலும் சமம், அதாவது ஸ்டார்போர்டில் நாங்கள் பீற்றிக்கொண்டிருந்த அந்த ஒரு விரல் உயரம் போய்விட்டது. கோணல் மரம் அந்தப் பக்கத்தில் எங்களுக்குத் தெரியாமல் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது போல. அண்ணாச்சிக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

அலையில் கயிற்றை இழுத்த கைகள்

மரம் நேரானதும் தெரிய வந்த இன்னொரு குறையைச் சொல்ல வேண்டும். தட்டையான தண்ணீரில் நன்றாக ஓடுவோம். லாஞ்ச் ஒன்றோ மாண்ட்வா போகும் படகோ குறுக்கே போனால், அந்த மூன்று நான்கு அலைகளில் நீலப் படகு எங்களை விட்டு நகர்ந்துவிடும்.

காரணம் பயம். அலையில் மூக்கு இடித்து வேகம் குறைந்ததும் எங்கள் கைகள் தாமாகவே கயிற்றை இறுக்கின. முன்பாய், பாய்மரத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் ஸ்ப்ரெடர் கையின் நுனியை உரசும் அளவுக்கு உள்ளே வரும், பின்கம்பியும் இழுபட்டுப் பெரிய பாய் பலகையாகும். அலையை மோதிக் கடக்கப் படகுக்கு வலு வேண்டிய நேரத்தில் அதன் வலுவை நாங்களே பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

இப்போது நடப்பது வேறு. அணியத்திலிருந்து தம்பி “மூணு அலை, அஞ்சு எண்ணுறதுக்குள்ள” என்பான். ஆண்டாப் ஹில் பெண் முன்பாய்க் கயிற்றை நான்கு விரல் அகலம் விடுவாள், பாய் விளிம்புக்கும் ஸ்ப்ரெடர் நுனிக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்படி. நான் பின்கம்பியைத் தளர்த்துவேன், பெரிய பாய்க்குக் கொஞ்சம் தொப்பை வரும். அண்ணாச்சி மூக்கை மூன்று டிகிரி இறக்குவார். முன்பாயில் ஒட்டிய கம்பளி நூல்களில் காற்றுப் பக்கத்து நூலும் மறுபக்கத்து நூலும் ஒரு சேரப் பின்னால் பறக்க வேண்டும். படகு குலுங்கிக் கடக்கும், ஆனால் நிற்காது. மூன்றாவது அலை தாண்டியதும் “சரி” என்பான். எல்லாம் பழைய குறிக்குத் திரும்பும். குறி என்றால் நிஜமான குறி: கயிற்றில் கறுப்பு நூல் சுற்றியிருக்கிறோம், பின்கம்பிக் கப்பியில் இன்சுலேஷன் டேப்.

முன்பாய்க் கயிற்றின் வழிகாட்டிக் கப்பி தடத்தில் முன்னும் பின்னும் நகரும். அதற்கும் அவள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். காற்றை நெருக்கி ஏறும்போது மேல் நூல் முதலில் படபடத்தால் கப்பியை ஒரு துளை முன்னே, கீழ் நூல் முதலில் படபடத்தால் ஒரு துளை பின்னே. இரு பக்கத் துளைகளையும் எண்ணால் குறித்திருக்கிறாள். தடம் இரு பக்கமும் ஒரே இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் நாடா வைத்துப் பார்த்தாள். இருந்தது. என்னைக் கேட்காமலே பார்த்தாள்.

ஆப்புகள் இப்போது காபித்தூள் டப்பாவில் போகும்படி ஏற்பாடு. ஒவ்வொன்றிலும் இ, வ, மு, பி என்று பெயின்ட்டில் எழுதியாயிற்று. ஜூனில் மரத்தைக் கழற்றும்போது ஆப்பைப் பிடுங்குவதும் அக்டோபரில் அடிப்பதும் அவள் வேலை என்று ஐந்து பேரில் நான்கு பேர் கை தூக்கித் தீர்மானம் போட்டார்கள்.

காற்றோடு இறங்கும் ஓட்டத்தில் நீலப் படகு இன்னும் எங்களை விட வேகம். ஸ்பின்னேக்கர் பழசு என்கிறார் அண்ணாச்சி. அடுத்த அஷ்டமிக்கு ஸ்பின்னேக்கரை மாற்றிக் கட்டி ஓடலாமா என்று நீலப் படகுக்காரரைக் கேட்டிருக்கிறோம்.